பாலியை மேலிருந்து கீழே பாருங்கள்: சிங்கப்பூரிலிருந்து ஆறு நாள் எரிமலைப் பயணம்

சிங்கப்பூரில் பாலிக்குப் போய்வந்த குடும்பங்களுக்குக் குறைவில்லை. அவர்களிடம் "எரிமலையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "விமானத்திலிருந்து ஏதோ தெரிந்தது" என்பார்கள். கூத்தா, செமின்யாக், நீச்சல் குளம் வைத்த வில்லா, கடலோரத்தில் சூரியன் மறைவது, அதோடு நான்கு நாள் தீர்ந்துவிடும். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் போனோம். தினமும் இரண்டு மணி நேரம் போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்திருந்ததுதான் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இரண்டாம் தடவை 68 வயது அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், மச்சான் என்று ஆறு பேர் கிளம்பினோம். இந்த முறை வரிசையைத் தலைகீழாக்கினோம். விமான நிலையத்திலிருந்து நேரே பத்தூர் எரிமலைக்குப் போய், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசி நாள்தான் கடலுக்கு வந்தோம். இதற்குக் காரணம் உண்டு. தீவின் தெற்கு முனை சுண்ணாம்புப் பாறை. மீதித் தீவில் பெரும்பகுதியைக் கட்டியது எரிமலைகள். எரிமலை வாய்க்குள் ஏரி இருக்கிறது. அந்த மலைப்பக்கத்துத் தண்ணீர்தான் ஊற்றாகி, தீர்த்தமாகி, வயலுக்குப் பாய்ந்து, கடலில் கலக்கிறது. தண்ணீர் போகிற வழியிலேயே நீங்களும் போனால், தனித்தனியாகத் தெரிந்த கோயிலும் வயலும் ஒரே கதையாகிவிடும்.

படி 1: தேதி

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மலையேறுவதாக இருந்தால் நம் ஜூன் பள்ளி விடுமுறை சரியாகப் பொருந்தும். வருடக் கடைசி விடுமுறையில் போனால் வயல் பச்சைப் பசேல் என்று இருக்கும், ஆனால் விடிகாலையில் மலையுச்சியில் மேகத்துக்குள் நிற்க வேண்டிவரலாம்.

மார்ச்சில் போகிறவர்கள் ஞெபி எந்தத் தேதி என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கவும். பாலியின் சக ஆண்டுப் பிறப்பு அது, பல வருடங்களில் நம் யுகாதியை ஒட்டி வரும். அன்றைக்கு 24 மணி நேரம் தீவே அடங்கிப்போகும். கடை கிடையாது, வண்டி கிடையாது, வெளிச்சம்கூடக் கூடாது. விமான நிலையத்தையும் மூடிவிடுவார்கள். ஹோட்டலை விட்டு வெளியே காலெடுத்து வைக்க முடியாது. அதற்கு முந்திய நாள் மாலை ஓகோ ஓகோ என்ற பிரம்மாண்டமான பூத பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். அதற்காகவே திட்டமிட்டுப் போகலாம். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டால் ஒரு நாள் வீண்.

படி 2: கடப்பிதழ், வரி, காப்புறுதி

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு 30 நாள் விசா தேவையில்லை. வீட்டில் ஒருவர் நிரந்தரவாசியாகவோ வேலை அனுமதியிலோ இருந்து இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால் அவருக்கு மட்டும் 500,000 ரூப்பியா கட்டி வருகை விசா எடுக்க வேண்டும். இணையத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஐந்து பேர் வெளியே வந்து ஒருவருக்காகக் காத்திருக்க நேரும். கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும்.

2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஒவ்வொருவரும் 150,000 ரூப்பியா சுற்றுலா வரி கட்ட வேண்டும். லவ் பாலி இணையத்தளத்தில் கட்டி, வரும் கியூஆர் குறியைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். இது விசாக் கட்டணத்தில் சேராது. ஆல் இந்தோனேசியா என்ற வருகைப் படிவத்தையும் கிளம்புமுன் நிரப்ப வேண்டும், அதற்குக் காசு இல்லை. இதே மாதிரிப் போலித் தளங்கள் உலவுகின்றன. படிவத்துக்குப் பணம் கேட்டால் அது போலி.

காப்புறுதியைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். 2017 நவம்பரில் ஆகுங் எரிமலை பொங்கியபோது பாலி விமான நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பரில் வெடித்த லெவோதோபி லாக்கி லாக்கி, பாலியில்கூட இல்லை, கிழக்கே புளோரெஸ் தீவில் இருக்கிறது. ஆனாலும் பாலி விமானங்கள் வரிசையாக ரத்தாயின, 2025லும் அதே கதை. சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் மாதிரி என்று நினைக்க வேண்டாம். அது பொடிப்பொடியான பாறையும் கண்ணாடியும். எஞ்சினின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். 1982ல் ஜாவாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் போன ஒரு ஜம்போ விமானத்தின் நான்கு எஞ்சினும் நின்றுபோய், பிறகு உயிர்பெற்று, ஜகார்த்தாவில் தப்பித் தரையிறங்கியது. அதற்குப் பிறகு சாம்பல் என்றாலே விமான நிறுவனங்கள் துணிச்சல் காட்டுவதில்லை.

ஆகவே காப்புறுதி வாங்கும்போது எரிமலைச் சாம்பலால் பயணம் தடைப்பட்டால் பணம் வருமா என்று பார்த்து வாங்கவும். டிக்கெட் எடுத்த அன்றைக்கே வாங்கிவிடுங்கள். மலை புகைய ஆரம்பித்துச் செய்தி வந்த பிறகு வாங்கினால், தெரிந்த நிகழ்வு என்று சொல்லிக் கைவிரிப்பார்கள்.

இந்தோனேசியாவில் எரிமலைகளுக்கு நான்கு நிலை எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், ஆபத்து குறைந்ததிலிருந்து கூடியதுவரை: நார்மல், வாஸ்பாடா, சியாகா, ஆவாஸ். மாக்மா இந்தோனேசியா தளத்தில் ஒவ்வொரு மலையின் நிலையும் தெரியும். கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை, ஏறுவதற்கு முந்திய நாள் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: காலைப் பழக்குவது

பத்தூர் உச்சி 1,717 மீட்டர். நம் ஊரில் ஆக உயரமான புக்கிட் தீமாவே 163 மீட்டர்தான். பயப்பட வேண்டாம், ஏரிக்கரையே 1,031 மீட்டரில் இருப்பதால் ஏற வேண்டியது ஏறக்குறைய 690 மீட்டர். நம் வீவக அடுக்குமாடி வீட்டுக் கணக்கில் சொன்னால் 25 மாடி புளோக்கைப் பத்துத் தடவை ஏறுவது. நாங்கள் ஒரு மாதம் முன்பே மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியில் ஏற ஆரம்பித்தோம். மச்சான் மட்டும் "நான் ஃபுட்பால் ஆடுறவன்" என்று சொல்லித் தட்டிக்கழித்தார். அவர் கதை பின்னால் வரும்.

அடிப்பாகம் பிடிமானமுள்ள காலணி, தலையில் மாட்டும் விளக்கு, ஒரு ஜாக்கெட், மெல்லிய கையுறை. விடிகாலை உச்சியில் நல்ல குளிர், கூடவே காற்று. 32 டிகிரியில் இருந்துகொண்டு பெட்டி கட்டும்போது ஜாக்கெட் எதற்கு என்று தோன்றும். எடுத்து வையுங்கள்.

கோயிலுக்குக் கைலியும் இடுப்பில் கட்டும் துண்டும் வேண்டும். வாசலில் வாடகைக்குக் கிடைக்கும், ஆனாலும் வேட்டியும் மெல்லிய துண்டும் கொண்டுபோவது நல்லது. நான் வேட்டியிலேயே எல்லாக் கோயிலுக்கும் போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, இடுப்புத் துண்டை மட்டும் கேட்டார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் கோயிலுக்குள் வரக்கூடாது என்று அறிவிப்புப் பலகையே இருக்கும்.

படி 4: முதல் நாள், நேரே ஏரிக்கு

காலை விமானம் எடுங்கள். சுமார் இரண்டே முக்கால் மணி நேரம், அங்கேயும் நம் நேரம்தான். டிரைவரோடு காரை முன்கூட்டியே பேசிவைப்பது உத்தமம். ஸ்கூட்டர் எல்லோரும் எடுக்கிறார்கள்தான். ஆனால் மோட்டார்சைக்கிள் உரிமமும் அனைத்துலக ஓட்டுநர் அனுமதியும் இல்லாமல் விழுந்தால் காப்புறுதி கைகொடுக்காது.

எங்கள் கார் ஓட்டுநரிடம் அம்மா தன் பசார் மலாயைப் பரீட்சித்துப் பார்த்தார். நம் ஊர் மலாய் தெரிந்தவர்களுக்கு முக்கால்வாசி புரியும், மீதிக் கால்வாசியில்தான் வேடிக்கை. காரைக் குறித்து "கிரேத்தா எங்கே?" என்று அம்மா நம் ஊர் மலாயில் கேட்டதும் அவர் விழித்தார். இந்தோனேசிய மொழியில் கிரேத்தா என்றால் ரயில். பாலியில் ரயிலே கிடையாது. அதே போல நம் ஊர் மலாயில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம், அங்கே வீண் என்று பொருள். கடையில் இலவசமா என்று கேட்பதாக நினைத்து, "இது வீணா?" என்று கேட்டுவைக்காதீர்கள்.

விமான நிலையத்திலிருந்து பத்தூர் மலைப்பகுதியான கிந்தாமணிக்கு இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். வழியில் எங்கும் இறங்க வேண்டாம். "காப்பித் தோட்டம், இலவசமாக ருசி பார்க்கலாம்" என்று டிரைவர் சொல்வார். எங்களையும் ஓர் இடத்தில் நிறுத்தினார். மரநாயைக் கம்பிக் கூண்டில் அடைத்து, காப்பிப் பழம் தின்னக் கொடுத்து, அதன் கழிவிலிருந்து எடுத்த கொட்டையைத் தங்க விலைக்கு விற்கும் இடம். மகள் கூண்டைப் பார்த்து அழ ஆரம்பித்துவிட்டாள். கிந்தாமணி மலைக்காப்பியே எலுமிச்சை வாசத்தோடு அருமையாக இருக்கும், அதைக் குடியுங்கள்.

பெனெலோக்கான் என்ற இடத்தில் பாதை திரும்பியதும் தரை காணாமல் போகும். கீழே பெரிய வட்டக் கிண்ணம், அதன் நடுவே ஒரு மலை, மலைக்குப் பக்கத்தில் பிறை மாதிரி ஏரி. அந்த மலைதான் பத்தூர் என்று எல்லோரும் படம் எடுப்பார்கள். சரிதான். ஆனால் நீங்கள் நிற்கும் விளிம்பும் எரிமலைதான். ஒரு காலத்தில் இங்கே இருந்த மாபெரும் எரிமலை, சுமார் 29,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவையும் 20,000 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு தடவையும் வெடித்து உள்ளே சரிந்தது. வெளி வட்டத்தின் நீளம் மட்டும் 13 கிலோமீட்டருக்கு மேல். இதையெல்லாம் சொன்னதும் என் மகன் கேட்டான், "அப்ப நாம இப்ப எரிமலைக்குள்ளதான் தூங்கப் போறோமா?" ஆமாம்.

ஏரிக்கரையில் கெடிசான், தோயா புங்கா ஊர்களில் தங்கும் விடுதிகள் உண்டு. இரண்டு இரவு இங்கேதான். இரவுச் சாப்பாட்டுக்கு ஏரி மீனை மசாலாவில் ஊறவிட்டுச் சமைக்கும் முஜாயிர் ஞாட்ஞாட் கேளுங்கள். வாழ்க்கையில் ஒரு தடவை நம் மீன் குழம்பை மறக்கலாம். ஒன்பது மணிக்குள் படுத்துவிடுங்கள்.

படி 5: பத்தூர் ஏற்றம்

தெற்கே உபூத் ஊரில் தங்கியிருப்பவர்களை நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கே எழுப்பி வேனில் ஏற்றுவார்கள். ஏரிக்கரையில் தங்கினால் மூன்றேகாலுக்கு எழுந்தால் போதும். இரண்டு இரவு இங்கே தங்கச் சொன்னதற்கு இதுவே பாதிக் காரணம். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள், அதை விடுதியிலேயே ஏற்பாடு செய்துவிடலாம்.

முதல் முக்கால் மணி நேரம் தோட்டங்களுக்கு நடுவே சாதாரண நடை. வெங்காய வாசனை மூக்கில் ஏறும். அப்புறம் மரம் குறைந்து, பாதை செங்குத்தாகி, காலடியில் கருஞ்சரளை வந்துவிடும். மேலேயும் கீழேயும் பார்த்தால் விளக்கு வரிசை, இருட்டில் மலை தெரியாது, அந்தப் புள்ளிகள் மட்டும் வானம்வரை போகும். பார்த்ததும் அத்தனை தூரமா என்று தளர்ந்துவிடும், ஆகவே பார்க்காமல் முன்னால் போகிறவரின் குதிகாலையே பார்த்து நடங்கள். கடைசி அரை மணி நேரம் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கும். பாதத்தை நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் பிடிக்கும். எங்கள் வழிகாட்டி முதுகில் கூடை, காலில் சாதாரணச் செருப்பு, மூச்சே வாங்காமல் பேசிக்கொண்டு போனார். ஃபுட்பால் ஆடுகிற மச்சான் மூன்றாவது தடவையாகக் கல்லில் உட்கார்ந்தபோது, அவருடைய 12 வயது மருமகன், அதாவது என் மகன், அவர் பையை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு நிற்கவே இல்லை.

இரண்டு மணி நேரத்தில் உச்சி. சூரியன் ஆறு மணி வாக்கில் வரும். சூரியனைவிட அதற்கு முந்திய இருபது நிமிடம்தான் பார்க்க வேண்டியது. முதலில் ஏரி வெள்ளிபோலத் தெரியும். அதற்கு அந்தப்பக்கம் ஆபாங் மலையின் கரிய விளிம்பு, அதன் பின்னால் 3,142 மீட்டர் ஆகுங். வானம் தெளிவாக இருந்தால் இன்னும் தள்ளி, கடல் தாண்டி, லொம்போக் தீவின் ரிஞ்சானி கூம்பும் தெரியும். மூன்று மலை ஒன்றன்பின் ஒன்றாக.

அப்போது வழிகாட்டி ஒரு பாறை இடுக்கில் கையைக் காட்டினார். ஆவி வந்துகொண்டிருந்தது. வாழைப்பழமும் முட்டையும் எடுத்து உள்ளே வைத்து, மேலே புல்லை அடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் முட்டை வெந்திருந்தது. ஓட்டை உரிக்கும்போது விரல் சுட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, மலையின் சூடு மட்டும். மகள் பாறை மீது உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது உயிரோட இருக்குப்பா" என்றாள். பத்தூர் கடைசியாக வெடித்தது 2000ல்.

இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும், மெதுவாக வாருங்கள். உச்சியில் குரங்குகள் உண்டு, பையைத் திறந்து வைக்காதீர்கள்.

ஏற முடியாதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. அம்மாவையும் மனைவியையும் திறந்த ஜீப்பில் ஏற்றி, விடியலுக்கு ஒரு மேட்டுக்கும் பிறகு எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த கரிய வெளிக்கும் கூட்டிப்போனார்கள். தார் ஊற்றிக் கிளறிவிட்ட மாதிரி கண்ணுக்கெட்டிய தூரம் கறுப்பு, நடுநடுவே பச்சைப் புல். அவர்கள் எடுத்த படங்கள் எங்கள் படங்களைவிட நன்றாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பிறகு தோயா புங்காவில் ஏரியோர வெந்நீர் ஊற்றுக் குளத்தில் ஒரு மணி நேரம் காலை ஊறவிடுங்கள். இதைத் தவறவிட்டால் மறுநாள் படி இறங்க முடியாது.

ஏரிக்கு அக்கரையில் துருஞான் கிராமம். இறந்தவர்களைப் புதைக்காமல் எரிக்காமல் ஒரு மணமுள்ள மரத்தடியில் கிடத்தும் வழக்கம் அங்கே. படகு போகிறது. நாங்கள் போகவில்லை. பிறர் வீட்டுத் துக்கத்தைக் காசு கொடுத்து எட்டிப்பார்க்க மனம் வரவில்லை.

படி 6: தண்ணீர் தொடங்கும் கோயில்

அன்று பிற்பகல் விளிம்பிலிருக்கும் ஊலுன் டானு பத்தூர் கோயில். பயணக் குழுக்கள் பல இதை விட்டுவிடுகின்றன. நான் விடச் சொல்லவே மாட்டேன்.

இந்தக் கோயில் முன்பு கீழே, மலையடிவாரத்தில் பத்தூர் கிராமத்தோடு இருந்தது. 1917ல் மலை பொங்கியபோது குழம்பு கோயில் வாசலில் வந்து நின்றுவிட்டது என்பார்கள். அதை நல்ல சகுனமாக நினைத்து ஊர் அங்கேயே இருந்தது. 1926ல் மறுபடி பொங்கி, ஊரையும் கோயிலையும் மூடிவிட்டது. மிஞ்சியதை எடுத்துக்கொண்டு மேலே வந்து கட்டியதுதான் இப்போதைய கோயில். மலையை விட்டு ஓடிவிடாமல், அதன் நேரெதிரே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

இங்கே அம்மன் ஏரித் தாய், டேவி டானு. பாலியின் நீர்ப்பாசனக் கோயில்களுக்கெல்லாம் இதுதான் தலைமை. கருவறையில் சிலையைத் தேடாதீர்கள். அடுக்கடுக்காகக் கூரை வைத்த மேரு கோபுரங்களும், தெய்வம் வந்து அமரும் காலி ஆசனமும்தான் இருக்கும். அம்மா கொஞ்ச நேரம் குழம்பிவிட்டு, அப்புறம் மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

படி 7: இறங்கும் வழி

மூன்றாம் நாள் காலை சீக்கிரம் கிளம்பி, தெற்கே தம்பாக்சிரிங். தீர்த்த எம்புல் கோயில் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் குளத்தில் வரிசை நிற்கும். கி.பி. 962ல் ஏற்பட்ட ஊற்றுக்கோயில் இது. இந்திரன் அம்பெய்து தரையில் வரவழைத்த தண்ணீர் என்பது தலபுராணம்.

எல்லோரும் குளிக்கும் குளத்தோடு திரும்பிவிடுவார்கள். நீங்கள் பின்னால் போய் ஊற்றுக் கண் இருக்கும் குளத்தைப் பாருங்கள். பளிங்கு மாதிரி தண்ணீர், அடியில் கருமணல். அந்த மணல் கொப்பளித்து எழும்பி, சுருண்டு, படிந்து, வேறோர் இடத்தில் மறுபடி எழும்பும். உலை கொதிப்பது போலிருக்கும், ஆனால் தண்ணீர் சில்லென்று இருக்கும். அந்தக் கருமணல் நேற்று நீங்கள் சறுக்கிய மலையின் மணல்தான்.

குளத்தில் இறங்குவதானால் அங்கேயே கொடுக்கும் கைலியைக் கட்டிக்கொண்டு, இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு தாரையாகத் தலையை நனைத்துப் போக வேண்டும். இறந்தவர்களுக்கான சடங்குக்கென்று இரண்டு தாரை உண்டு, அவற்றை விட்டுவிடுங்கள். எவை என்று முன்னால் நிற்கும் உள்ளூர்க்காரரைப் பார்த்தால் தெரிந்துவிடும். அம்மா வெளியே வந்து தலை துவட்டிக்கொண்டே சொன்னார்: "நம்ம ஊர் கோயில் குளந்தான். ஆனா இங்க தண்ணி ஓடுது."

பக்கத்திலேயே குனுங் காவி. முந்நூறுக்குக் கிட்டத்தட்ட படி இறங்க வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே இளநீர் குடித்துக்கொண்டு காத்திருக்கலாம். கீழே பக்கெரிசான் ஆற்றின் இரு கரையிலும் பாறையைக் குடைந்து, ஏழு மீட்டர் உயரத்தில் பத்துச் சன்னதிகள். 11ஆம் நூற்றாண்டு வேலை, நம் சோழர் காலம். மாமல்லபுரம் பார்த்தவர்களுக்கு உடனே ஓர் ஒப்பீடு தோன்றும். ஆனால் அங்கே உளி மோதியது கருங்கல்லில். இங்கே பாறை, எரிமலைச் சாம்பல் இறுகி உண்டானது. பராஸ் என்பார்கள். மென்மையாக இருப்பதால் சுலபமாகச் செதுக்கலாம், அதே காரணத்தால் மழையில் சீக்கிரம் தேயும். பாலியில் புதுக் கோயில்கூட நூறு வருஷப் பழசு மாதிரி பாசி பிடித்துத் தெரிவதன் ரகசியம் இதுதான்.

பிறகு தெகல்லாலாங் படிவயல். உண்மையைச் சொன்னால் இப்போது வயலைவிட ஊஞ்சல்கள் அதிகம். நீளமான பாவாடை கட்டி ஊஞ்சலாடிப் படம் எடுப்பதற்கு வரிசை. அரை மணி நேரம் போதும். இரவு உபூத்.

படி 8: நான்காம் நாள், இரண்டில் ஒன்று

ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பக்தி முக்கியம் என்றால் பெசாகி. ஆகுங் மலைச் சரிவில் சுமார் 1,000 மீட்டரில் இருக்கும் தாய்க் கோயில். மும்மூர்த்திகளுக்கு மூன்று ஆசனங்கள், படிப்படியாக மேலே ஏறும் முற்றங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து மின்வண்டியில் ஏற்றிவிடுவார்கள், பெரியவர்களுக்குச் சிரமமில்லை. நூறாண்டுக்கு ஒரு முறை நடத்தும் ஏகாதச ருத்ர விழாவை 1963ல் இங்கே தொடங்கியிருந்த வேளையில் ஆகுங் வெடித்தது. 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். குழம்பு சில மீட்டர் தள்ளிப் போனதால் கோயில் தப்பியது. விழாவை 1979ல் மறுபடி நடத்தினார்கள். உள் முற்றம் வழிபடுவோருக்கு மட்டும். நாம் இந்துக்கள், கும்பிட வேண்டும் என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எங்களை உள்ளே விட்டார்கள், பூசாரி தீர்த்தம் கொடுத்து நெற்றியில் ஈர அரிசி ஒட்டிவிட்டார்.

வயல் முக்கியம் என்றால் ஜாதிலூவே. என் ஓட்டு இதற்குத்தான். பத்துக்காரு எரிமலையின் சரிவில் 600 ஹெக்டேருக்கு மேல் படிவயல், ஊஞ்சல் கூட்டம் இல்லை, வரப்பில் நடக்கப் பாதை போட்டிருக்கிறார்கள். யுனெஸ்கோ 2012ல் உலக மரபுடைமையாக அறிவித்த சுபாக் பாசன முறையை இங்கேதான் கண்ணால் பார்க்க முடியும். சுபாக் என்பது ஒரே வாய்க்காலில் பாயும் விவசாயிகளின் கூட்டு. யார் வயலுக்கு எப்போது மடை திறப்பது, யார் வாய்க்கால் தூர் வாருவது, எப்போது நடுவது என்று கோயிலில் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். தமிழ்நாட்டில் ஊர்கூடி வாய்க்காலைப் பராமரிக்கும் குடிமராமத்து என்றும், தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதன் பங்காளி உறவு. எல்லோரும் ஒரே நேரத்தில் நட்டு ஒரே நேரத்தில் தரிசாக விடுவதால் பூச்சிக்குத் தீனி இல்லாமல் போய்விடும். 1970களில் வருடம் முழுக்க விளைவிக்கச் சொல்லி அரசாங்கம் தள்ளியபோது, முறை குலைந்து பூச்சி பெருகியது. பிறகு கோயில் கணக்குக்கே திரும்பினார்கள்.

வரப்பில் குனிந்து பாருங்கள். வாய்க்கால் பிரியும் இடத்தில் ஒரு மரக்கட்டை, அதில் அகலம் அளந்து வெட்டிய பள்ளங்கள். பங்கு அதிகம் உள்ளவருக்கு அகலமான பள்ளம். தண்ணீர் தானாகப் பிரிந்து போகிறது. அங்கே விளையும் சிவப்பரிசி ஒரு பொட்டலம் வாங்கினோம், கஞ்சிக்கு நன்றாக இருக்கிறது.

ஜாதிலூவே போகிறவர்கள் பெடுகுல் ஏரிக்கோயிலையும் அன்றே சேர்த்துக்கொள்ளலாம். தண்ணீரில் மிதப்பது போல அழகு, கூட்டமும் அதே அளவு. லெம்புயாங் கோயில் வாசலில் ஏரி பிரதிபலிக்கும் படம் பார்த்திருப்பீர்கள். அங்கே ஏரி கிடையாது, கைப்பேசிக்குக் கீழே கண்ணாடி வைத்து எடுப்பது. அதற்காக மணிக்கணக்கில் வரிசை நிற்பது உங்கள் விருப்பம்.

சாப்பாடு

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது இறைச்சியைவிடத் தெராசியை. நம் பிளாச்சான், அதாவது இறால் விழுதுதான். காய்கறிப் பிரட்டலிலும் சம்பலிலும் ஒளிந்திருக்கும். "தன்பா தெராசி" (தெராசி இல்லாமல்) என்று சொல்லிவிட்டு ஆர்டர் செய்யுங்கள். டெம்பே, தாவு, காடோ காடோ வயிற்றை நிரப்பிவிடும். பாலி இந்துக்கள் பன்றி தாராளமாகச் சாப்பிடுவார்கள், பாபி குலிங் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. முஸ்லிம் நண்பர்கள் வாருங் முஸ்லிம் என்ற பலகையோ பாடாங் சாப்பாட்டுக் கடையோ பார்த்துப் போகலாம். குழாய்த் தண்ணீரைப் பல் துலக்கக்கூட எடுக்க வேண்டாம்.

படி 9: கடைசியாகத் தெற்கு

ஐந்தாம் நாள் உபூத்தை விட்டுக் கிளம்பும் வழியில் கோவா காஜா. பூதம் வாய் பிளந்தது போன்ற குகை வாசல், உள்ளே ஒரு மூலையில் பிள்ளையார், இன்னொரு மூலையில் லிங்கங்கள். வெளியே இருக்கும் தீர்த்தக் குளம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1954ல்தான் தோண்டி எடுக்கப்பட்டது. ஒரு மணி நேரம் போதும்.

மாலைக்கு ஊலுவாத்து. பாறை நிறம் மாறியிருப்பதைக் கவனியுங்கள், கறுப்பு போய் வெளுப்பு வந்துவிட்டது. சுண்ணாம்பு. மணலும் வெள்ளை. சுமார் 70 மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்பில் கோயில். இங்குள்ள குரங்குகள் கைதேர்ந்த திருடர்கள், மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு பழம் கொடுத்தால்தான் திருப்பித் தரும். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருந்தகத்துக்குப் போக வேண்டும். 2008லிருந்து பாலியில் வெறிநாய்க்கடி நோய் இருக்கிறது, தெருநாய்க்கும் இதே எச்சரிக்கை.

சூரியன் மறையும் நேரத்தில் கெச்சாக் ஆட்டம். மேளம் இல்லை, தாளக்கருவி இல்லை. வட்டமாக உட்கார்ந்த ஆண்கள் "சக் சக் சக்" என்று குரலாலேயே தாளம் போடுவார்கள், நடுவில் ராமாயணம். 1930களில் வாயான் லிம்பாக் என்ற பாலி நடனக்காரரும் வால்ட்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மன் ஓவியரும் பழைய சடங்கிலிருந்து உருவாக்கியது. அனுமார் தீ வளையத்தை எத்திக்கொண்டு வரும்போது முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள். டிக்கெட்டை முன்னாலேயே வாங்கிவிடுங்கள், மேல் வரிசை நல்லது.

ஆறாம் நாள் விமானம் மாலையில் இருந்தால் காலையில் கடலில் குளிக்கலாம். தெற்கில் எங்கே போனாலும் விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள். இறைச்சி உணவு எதையும் பொட்டலம் கட்டி வராதீர்கள், சாங்கி விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மின்சிகரெட்டும் கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 500 வெள்ளி வரையிலான பொருட்களுக்கு ஜிஎஸ்டி இல்லை. மலையேறிய காலணியை மட்டும் அங்கேயே தட்டிக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். நாங்கள் அப்படியே கொண்டுவந்து வீட்டுக் குளியலறையில் கழுவினோம். கருமணல் தண்ணீர்த் துவாரத்தில் அடைத்து, அடுத்த நாள் குழாய் சரிசெய்பவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.